கதவைத் தட்டலாம்

நூற்றுப்பன்னிரண்டு என்று மங்கையர்க்கரசி வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். இன்னும் நூற்றிரண்டு பேர். ஒவ்வொரு பெயரின் ஓரத்திலும் மூன்று புள்ளி, அதைத் தொட்டால் ஒரு சின்னப் பட்டியல், அதில் கடைசி வரி அழி. அழி என்றதும் அழிந்துவிடாது, நிச்சயமாகவா என்று ஒரு கேள்வி வரும், ஆம் என்று சொல்லவேண்டும். காலை எட்டரைக்குக் கணவர் திருஞானம் பஸ் டெப்போவுக்குக் கிளம்பியதும் கதவைச் சாத்தி மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள் இரண்டையும் போட்டுவிட்டுச் சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியோடு உட்கார்ந்தவள். லேபுக்குக் காய்ச்சல் என்று லீவு சொல்லியாயிற்று. இருபத்துமூன்று வருடமாக ஊராருடைய ரத்தத்தை ஊசியில் எடுத்துக் குழாயில் விட்டுப் பெயர் ஒட்டுகிறவளுக்குப் பொய் சொல்ல வேறு நோய் கிடைக்கவில்லை. நூற்றுப்பதின்மூன்று. சு. இசக்கியம்மாள், ஓ பாசிட்டிவ், தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்ச்சந்து, பச்சைக் கேட், எந்நேரமும் கதவைத் தட்டலாம். நிச்சயமாகவா. ஆம். பச்சைக் கேட் போயிற்று. எல்லார் வரியும் இப்படித்தான் முடியும். எந்நேரமும் கதவைத் தட்டலாம். எழுதிக்கொடுத்தது அவள்தான். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஊரே புழங்குகிற அந்தச் சமூக வலைத்தளத்தில் ரத்தம் கொடுப்பவர்களுக்கென்று குழு தொடங்கியபோது மாதிரிக்குத் தன் பெயரையே முதலில் எழுதினாள், பெயர், குரூப், தெரு, அடையாளம், கடைசியில் இந்த வாக்கியம். அந்த வருடம்தான் ஒருவன் விடியற்காலையில் ஒரு டோனர் வீட்டு வாசலில் எழுப்பக் கூச்சப்பட்டு ஒரு மணி நேரம் நின்றிருந்தான். அதற்குள் அவன் அண்ணிக்கு முடிந்துவிட்டது. தட்டலாம் என்று எழுதியிருந்தால் தட்டியிருப்பான். பின்னால் வந்தவர்கள் அதைச் சட்டம் மாதிரி எடுத்துக்கொண்டார்கள். சிலர் கூடச் சேர்த்தார்கள். நாய் இருக்கிறது, குலைக்கும், கடிக்காது. பெல் வேலை செய்யாது. ஓங்கித் தட்டவும், எனக்குக் காது மந்தம். படிக்கும்போது அவளுக்கு எத்தனை நாள் சிரிப்பு வந்திருக்கிறது.

பரஞ்சோதியின் கதவையும் தட்டத்தான் செய்தார்கள். ஐந்து வாரத்துக்கு முன்னால், சாயங்காலம் ஏழு மணி. ரைஸ்மில்லுக்குப் பின்னால் புதிதாக வந்த காலனி, அவன் குடிபோய்ப் பதினோரு மாதம், பாட்டரிக் கடையில் வேலை பார்க்கிறவன் என்பதுகூட அக்கம்பக்கத்துக்குத் தெரியாது. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து கதவைத் திறந்து, எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டானாம். ஆறேழு பேர் நின்றதைப் பார்த்து, பெரிய கேஸ் போல என்று நினைத்தானாம். இதை அவன் பெண்டாட்டி ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து மங்கையர்க்கரசியிடம் சொன்னாள். எந்த ஆஸ்பத்திரி. அதற்குப் பதிலாகத்தான் முதல் அடி விழுந்திருக்கிறது. அவர்கள் கையில் இருந்த படம் அவள் எடுத்தது. பிரசவத்துக்கு ரத்தம் கொடுத்தவர் கையில் பிறந்த பிள்ளையைக் கொடுத்து ஒரு படம் எடுத்துப் போடுவது குழுவின் பழக்கம், நாற்பத்துமூன்று படங்கள் அப்படி இருந்தன. பரஞ்சோதி பிள்ளையைக் கரண்ட் கம்பியைப் பிடித்தவன் மாதிரி விறைப்பாகப் பிடித்திருந்தான், முகத்தில் சிரிப்பே இல்லை. யாரோ அதில் தாயையும் கட்டிலையும் வெட்டிவிட்டு, பிள்ளை பிடிக்கிறவன், உஷார், என்று எழுதிவிட்டார்கள். வெட்டியும் ஓரத்தில் குளுக்கோஸ் கம்பி கொஞ்சம் தெரிந்தது. ஒருத்தரும் அதைப் பார்க்கவில்லை. பெயர் தெரிந்ததும் வீடு தெரிந்துவிட்டது, வீடுதான் பட்டியலில் அடையாளத்தோடு இருக்கிறதே. வலது கை இரண்டு இடத்தில் முறிவு, இடது கண் இனி வெளிச்சத்துக்கு மட்டும்தான். கட்டுப்போட்ட முகத்தோடு அவன் சொன்னான், "எக்கா, போட்டோ நல்லாத்தான் எடுத்திருந்தீங்க. நாந்தான் உம்முன்னு நின்னுட்டேன். சிரிச்சிருந்தா விட்டிருப்பானுவளோ என்னமோ." திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

நூற்றுமுப்பது. நூற்றுமுப்பத்தொன்று. அந்த வெட்டிய படத்தை எடுக்கச் சொல்லித் தளத்துக்கு அவள் ஏழு முறை புகார் எழுதினாள், அடி விழுவதற்கு முன்னால் இரண்டு, பின்னால் ஐந்து. ஏழுக்கும் ஒரே பதில், இந்தப் பதிவு எங்கள் விதிகளை மீறவில்லை. விதிகளை மீறவில்லை என்கிற வார்த்தை பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி ஐந்து வாரமாக நாக்கைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை. அடி விழுந்த மூன்றாம் நாள் காலையில் தளத்தைத் திறந்தபோது திரை முழுக்கக் கலர்க் காகிதம் பறந்தது. வாழ்த்துகள், உங்கள் படம் ஒரே நாளில் பதினோராயிரம் பேரைச் சென்றடைந்திருக்கிறது. வெட்டாத படத்தை, மூலப் படத்தை, அவள் எடுத்ததை. ஊரே தேடிவந்து பார்த்திருக்கிறது. அந்தக் காகிதத் துண்டுகள் விழுந்து முடிகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். இனி இங்கே இருக்க முடியாது என்று நினைத்தது அப்போதுதான். கோபம்கூட இல்லை, சாவு விழுந்த துஷ்டி வீட்டில் பாயசம் வைத்துவிட்டால் எழுந்து வருகிற மாதிரி. திருஞானம் ஒத்துக்கொள்ளவில்லை. "நீ பாட்டுக்கு வெலகிட்டா, ரத்தம் வேணுங்கிறவன் எங்க போவான்? ஊர்ல எல்லாவனும் அங்கதான கெடக்கான்?" "எனக்குப் போன் பண்ணட்டும்." "ஒன் நம்பர் அவனுக்கு எப்படித் தெரியும்?" "பிளட் பேங்க்ல எழுதிப் போட்டுருக்கேன்." "அப்போ இனிமே மொத்த ஊருக்கும் நீ ஒருத்திதான் கதவு." அவர் கேலியாகச் சொன்னாரா வருத்தமாகச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியவில்லை. மேஜையில் அந்த நீலநிற நோட்டு இருக்கிறது. இருநூற்றுப் பதினான்கு பேர், பெயர், குரூப், போன் மட்டும். கையால் எழுதி விரல் வீங்கிப்போனது. தெரு இல்லை. பச்சைக் கேட் இல்லை.

வெளியேறுவதற்கும் ஒரு வரிசை இருக்கிறது என்று ஓசூரிலிருந்து மகள்தான் சொன்னாள். "அம்மா, கோவத்துல முதல்ல கணக்கை அழிச்சிராத. நீ போயிட்டா குழுவை யார் பார்க்கணும்னு தளமே அடுத்து சேர்ந்தவங்களைக் கேக்கும். அட்ரஸ் எல்லாம் அப்படியே அவங்க கைக்குப் போயிரும். மேல இருக்கிற பதிவை மட்டும் எடுத்தாலும் பத்தாது, கீழ எழுதினது ஒவ்வொண்ணும் அவங்கவங்க பேரைத் தேடினா வரும். ஒண்ணொண்ணா எடு. அப்புறம் ஆளுங்களை எடு. கடைசியா நீ." பரஞ்சோதியின் வழக்கைப் பார்க்கிற வக்கீல் ரெஜினா அதற்கும் முன்னால் ஒன்றைச் சேர்த்தாள், எதையும் அழிக்கும் முன் எல்லாவற்றையும் தேதியோடு இறக்கி வைக்கவேண்டும், நாளைக்குக் கோர்ட்டில் படமே இல்லை என்பார்கள். இறக்குவதற்கு விண்ணப்பம் போட்டு ஒன்பது நாள் காத்திருந்து நேற்றுத்தான் வந்தது. ஒரு பிரதி ரெஜினாவிடம், ஒன்று பீரோவில். பிள்ளைகளின் படங்கள் நேற்றே போய்விட்டன. அடுத்து சேர்ந்தவர். அவளுக்கு அடுத்து குழுவில் சேர்ந்தவர் நெல்லையப்பன். பத்திரப் பதிவு ஆபீஸில் இருந்து ரிட்டையரானவர், அறுபத்திரண்டு வயது, நாற்பத்தொரு முறை ரத்தம் கொடுத்தவர், எல்லாருக்கும் காலை வணக்கம் அனுப்புகிறவர். வெட்டிய படத்தை, உஷார் மக்களே என்று கைகூப்பிய பொம்மையோடு முதலில் பரப்பியவர்களில் ஒருவர். பரஞ்சோதியோடு முகாமில் பக்கத்துக் கட்டிலில் படுத்து ரத்தம் கொடுத்துவிட்டு ஒரே பாக்கெட் பிஸ்கட்டைப் பகிர்ந்து தின்றவர். முகத்தையே பார்க்கவில்லை அவர், பிள்ளையை மட்டும் பார்த்திருக்கிறார். மூன்றாம் நாள் அந்தப் பதிவை எடுத்துவிட்டார், அவளுக்கும் ஒரு கைகூப்பிய பொம்மை அனுப்பினார். பரஞ்சோதிக்கு ரத்தம் ஏற்றவேண்டியிருந்தது, பி நெகட்டிவ். ஊரில் அந்த குரூப் நாலே பேர், பரஞ்சோதியையும் சேர்த்து. ஒருவன் மஸ்கட்டில். காலேஜ் வாத்தியார் ஜெபராஜ் உடனே வந்தார். இரண்டாவது பாட்டிலுக்கு, நாலாவது ஆளாக, நெல்லையப்பன் இருந்தார், கூப்பிட்டால் கால் மணியில் வந்திருப்பார். அவள் கூப்பிடவில்லை. அந்த ஆளின் ரத்தம் இவன் உடம்பில் ஏறக் கூடாது என்று அறுபது கிலோமீட்டர் தள்ளி ஆள் பிடித்தாள். இரண்டு மணி நேரம். கண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். அவள் கேட்காமலேயே ஏன் சொன்னார்.

நூற்று அறுபத்தேழைத் தொடப்போன விரல் நின்றது. ப. பரஞ்சோதி, பி நெகட்டிவ். அவன் வரியை முதல் நாளே அழித்துவிட்டாளே. இது வேறு. எட்டு நாளைக்கு முன்னால் எழுதியது. முகவரி மாற்றம், என்று தொடங்கியிருந்தது. மாமனார் வீட்டு ஊர், தெரு, பால் சொசைட்டிக்கு அடுத்த மாடி வீடு, எந்நேரமும் கதவைத் தட்டலாம். அடித்தவர்களில் நாலு பேர் ஜாமீனில் வெளியே வந்து, கேஸை வாபஸ் வாங்கச் சொல்லி அவனைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள், அதனால்தான் அவன் எங்கே இருக்கிறான் என்பது ரெஜினாவையும் அவளையும் தவிர யாருக்கும் தெரியாது என்று இருந்தது. கீழே எழுதியிருந்தது, ஒன்பது பேர் பார்த்திருக்கிறார்கள். யார் ஒன்பது. தளம் எண்ணைச் சொல்லும், பெயரைச் சொல்லாது. படம் பிடித்து வைத்துக்கொண்டாள், மூன்று புள்ளி, அழி, நிச்சயமாகவா, ஆம் ஆம். போனை எடுத்தாள். "என்ன காரியம்டா பண்ணி வச்சிருக்க?" "என்னக்கா?" "முகவரியைப் போட்டிருக்கியே." அந்தப் பக்கம் டிவி ஓடியது. "வீடு மாறினா ஒரு வாரத்துக்குள்ள எழுதணும்னு ரூல் போட்டதே நீங்கதானக்கா. போன வருசம் லேட்டா எழுதினேன்னு எல்லாரு முன்னாடியும் ஏசுனீங்க." ஏசினாள்தான். "பரஞ்சோதி, கேளு. இன்னைக்கே வேற எங்கயாவது போ. அதுவரைக்கும் எவன் தட்டினாலும் தெறக்காத." "ரத்தம்னா?" "ரத்தம்னாலும். நீ ரத்தம் ஏத்திக்கிட்டவன், ஒரு வருசத்துக்குக் குடுக்கவும் கூடாது. இனிமே நான் போன் பண்ணாம எவனும் ரத்தத்துக்கு வரமாட்டான். அதான் ரூல்." "இந்த ரூலை எங்கக்கா எழுதணும்?" என்றான், சிரித்துக்கொண்டு. அவள் வைத்துவிட்டாள்.

வெளியே யாரோ படியேறினார்கள். காலடி அவள் வாசலைத் தாண்டி மாடிக்குப் போனது, செருப்பு ஒரு பக்கம் தேய்கிற சத்தம். எதிர்வீட்டுப் பெண் மாவு அரைக்கிற இரைச்சல் நின்று மறுபடி தொடங்கியது. ஐந்து வாரத்தில் இந்தப் படிக்கட்டின் எல்லாச் செருப்பும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. நூற்று எழுபது. திரையின் மேலே மணி போல ஒன்று ஆடியது. குழுவில் புதிய பதிவு. ஸ்டார் மணி என்று பெயர், முகம் இல்லை, ரோஜாப்பூ. பி நெகட்டிவ் அவசரம், பெரியாஸ்பத்திரி பிரசவ வார்டு, டோனர் வீட்டு அட்ரஸ் யாராவது போடுங்க, நேர்ல போய்க் கூட்டிட்டு வந்துருதோம். பி நெகட்டிவ். அவள் அதை அழித்துப் பத்து நிமிஷம் ஆகவில்லை. ஒன்பது பேரில் ஒருவன் திரும்ப வந்து தேடியிருக்கிறான், காணவில்லை, கேட்கிறான். பி நெகட்டிவ் வீட்டைக் கேட்பதும் பரஞ்சோதி வீட்டைக் கேட்பதும் ஒன்றுதான் இந்த ஊரில். போன வாரம்கூட ஒருவன் கேட்டானே, அண்ணனுக்கு பி நெகட்டிவ் வேணும், பரஞ்சோதி எங்க இருக்காரு என்று, எந்த ஆஸ்பத்திரி என்றதும் காணாமல் போனான். ரோஜாப்பூவை அழித்துவிடலாம். மூன்று புள்ளியில் விரல் வந்துவிட்டது. அழித்தால், அது நிஜமாக இருந்தால். பிரசவ வார்டின் நெடி அவளுக்குத் தெரியும், கட்டிலுக்குக் கீழே வாளி வைப்பார்கள். பிளட் பேங்க்குக்குப் போன் போட்டாள், எங்கேஜ்டு. மறுபடி, எங்கேஜ்டு. அங்கே ரத்தம் இல்லாதபோதுதான் போன் ஓயாமல் அடிக்கும், அல்லது டீ குடிக்கப் போகும்போது எடுத்துக் கீழே வைத்துவிடுவார்கள். நிஜம் மாதிரியே இல்லை. நிஜம் எப்போதாவது நிஜம் மாதிரி இருந்திருக்கிறதா, வெட்டிய படம்தான் எல்லாருக்கும் நிஜம் மாதிரி இருந்தது. தன் பழைய நம்பரை, மகளுக்குக்கூடப் பாதி மறந்துபோனதை, அந்த ரோஜாப்பூவுக்கு அனுப்பினாள். பேசு.

அடுத்த நிமிஷம் அடித்தது. மூச்சிரைக்கிற குரல், பின்னால் ஸ்ட்ரெச்சர் சக்கரம். "யம்மா, டோனர் இருக்காங்களா?" "பேஷன்ட் பேரு?" "சுடலி. எம் பொஞ்சாதி. பிள்ள பொறந்துட்டு, ரத்தம் நிக்கலங்காங்க." "ஐ.பி. நம்பர் சொல்லுங்க." "என்னது?" "கையில சீட்டு குடுத்திருப்பாங்கல்ல, ரத்தம் வாங்கிட்டு வரச் சொல்லி. அதுல மேல நம்பர் இருக்கும்." "ஏம்மா, ரத்தம் கேட்டா ரேஷன் கார்டு கேப்பீங்க போலிருக்கே! அட்ரஸச் சொன்னா நான் போய்க் கால்ல விழுந்து கூட்டிட்டு வந்துருவேன்." "அட்ரஸ் கெடையாது. நம்பரைச் சொல்லுங்க." காகிதம் கசங்கியது. ஒவ்வொரு இலக்கமாகப் படித்தான், நடுவில் ஒன்றைத் தப்பாகச் சொல்லித் திருத்தினான், எந்த டாக்டர் கையெழுத்து என்றதற்கு, அது புழு நெளிஞ்ச மாதிரி இருக்கும்மா என்றான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நிஜம். பொய் சொல்கிறவன் டாக்டர் பெயரைச் சொல்லியிருப்பான். "அங்கேயே நில்லுங்க. வார்டு வாசல்லயே. எங்கயும் தேடிப் போகாதீங்க. ஆள் வரும்." வைத்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. ஆள் வரும். யார் வருவார்கள். மஸ்கட் மஸ்கட்டில் இருக்கிறது. ஜெபராஜ் கொடுத்து ஐந்து வாரம், இன்னும் இரண்டு மாதம் ஆகவேண்டும். பரஞ்சோதி. அப்புறம் ஒருவர்தான். நோட்டில் அவர் பெயர் இரண்டாவது பக்கத்தில் அவள் கையெழுத்திலேயே இருந்தது, மற்றவர்களைவிடக் கொஞ்சம் சின்னதாக. அறுபது கிலோமீட்டர் தள்ளி இன்றைக்கும் வேறொரு ஆளைப் பிடிக்கலாம். இரண்டு மணி நேரம்.

முதல் மணியிலேயே எடுத்தார். "தங்கச்சி," என்றார் நெல்லையப்பன். ஐந்து வாரமாக எழுதிவைத்த வாக்கியங்கள் எல்லாம் அவள் தொண்டையில் வரிசையாக நின்றன. உங்களுக்குக் கண் இருந்ததா. குளுக்கோஸ் கம்பி தெரியவில்லையா. "பெரியாஸ்பத்திரி, பிரசவ வார்டு. பி நெகட்டிவ். பேரு சுடலி," என்றாள். "வாரேன். இப்பவே வாரேன்." சாவியைத் தேடுகிற சத்தம், நாற்காலி இழுபட்டது. பிறகு குரல் தணிந்தது. "தங்கச்சி. அவங்ககிட்ட என் வீட்டு அட்ரஸைக் குடுத்துட்டியா?" "இல்ல." "குடுத்துராத என்ன. நானே போயிருதேன். முன்ன மாதிரி இல்ல பாத்துக்க. யாராவது கதவைத் தட்டினா ஒங்க மதினி என்னையத் தெறக்க விடமாட்டேங்கா. அவளே ஜன்னல்ல எட்டிப் பாக்கா." அவளுக்குச் சிரிப்பு வருவது மாதிரி இருந்தது, அது சிரிப்பில்லை. இந்த மனுஷனுக்கும் பயம். அவர் திறந்துவிட்ட கதவு வழியாக அவர் வீட்டுக்கும் வந்திருக்கிறது. "யாருக்கும் குடுக்கல. இனி யாருதும் அங்க இருக்காது. எல்லாத்தையும் அழிச்சுக்கிட்டிருக்கேன்," என்றாள். "என் அட்ரஸையுமா?" "இன்னும் இல்ல. வரும்."

நூற்று எழுபத்தொன்று. ஸ்டார் மணியின் ரோஜாப்பூவுக்கு ஆள் வருகிறது என்று பதில் எழுதிவிட்டு அந்தப் பதிவையும் எடுத்தாள். நாய் இருக்கிறது, குலைக்கும், கடிக்காது. ஆம். ஓங்கித் தட்டவும். ஆம். இருநூற்று ஒன்பதில் நெல்லையப்பன் வந்தார், பத்திர எழுத்து மாதிரி நாலு எல்லையும் சொல்லியிருந்தார், வடக்கே பிள்ளையார் கோயில், கிழக்கே அடிபம்பு. இதை விட்டுவிட்டால் என்ன. விரல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது, கொஞ்ச நேரம்தான், ஆனால் இருந்தது என்பது அவளுக்குத் தெரியும். ஆம். பிறகு ஆட்களை ஒவ்வொருவராகக் குழுவிலிருந்து எடுக்கத் தொடங்கினாள். எல்லாருக்கும் முன்னமே குறுஞ்செய்தி போயிருந்தது, இனி போனில்தான் என்று. எடுக்க எடுக்க மேலே எண் குறைந்தது. இந்நேரம் நெல்லையப்பன் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்திருப்பார். படிவம் நிரப்பியிருப்பார். எடை, பிரஷர், அறுபத்திரண்டு வயது, பிரஷர் அதிகம் என்று திருப்பி அனுப்பிவிட்டால். எண்பது. நாற்பது. சமைக்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. பன்னிரண்டு. எதிர்வீட்டுக் கிரைண்டர் எப்போது நின்றது. குழுவில் இரண்டு பேர் மிஞ்சினார்கள், அவளும் அவரும். அடுத்து சேர்ந்தவர். போனை மேஜையில் குப்புறப் போட்டாள், உடனே மல்லாத்தினாள்.

ஒன்றே முக்காலுக்கு அடித்தது. "குடுத்தாச்சு தங்கச்சி. ஏத்திட்டாங்க. நின்னுட்டுதாம்." அவர் எங்கோ உட்கார்ந்து பேசினார், ஜூஸ் உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவள் சரி என்றாள். "அந்தப் பையன் பிள்ளையக் கொண்டாந்து என் கையில வச்சுட்டான். வேண்டாம் வேண்டாம்னா கேட்டாத்தான. போனை எடுத்துக்கிட்டு, போட்டோ எடுக்கட்டுமா பெரியப்பான்னான்." அவள் கேட்கவில்லை. அவராகத்தான் சொல்லவேண்டும். கூடத்து விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தரம் கிறீச்சிட்டது, அவள் எண்ணினாள், ஆறு. "பிள்ளையத் திருப்பிக் குடுத்துட்டேன்," என்றார். "வேகமாக் குடுத்துட்டேன். அவன் என்னத்த நெனச்சானோ." மூக்கை உறிஞ்சினார். "பரஞ்சோதிக்கிட்ட ஒரு வார்த்த..." "நீங்கதான் சொல்லணும்." "நம்பர் இருக்கா?" "இருக்கு. அவன்கிட்டக் கேட்டுட்டுத்தான் குடுப்பேன்." "அது சரி," என்றார் நெல்லையப்பன். "அது சரிதான். கேட்டுக்க. குடுக்காதன்னு சொன்னாலும் சரிதான்."

அவர் பெயருக்கு நேரே மூன்று புள்ளி. நிச்சயமாகவா. ஆம். கடைசியாக ஒரே ஒரு வரி இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலே, மாதிரிக்கு எழுதியது. மங்கையர்க்கரசி, ஏ பாசிட்டிவ், இரண்டாவது மாடி, கதவில் மாவிலை ஸ்டிக்கர். ஒன்பது வருடத்தில் ஸ்டிக்கர் வெளுத்துப்போய் இலை எது காம்பு எது என்று தெரியவில்லை, வீடு அதேதான். அதை எடுத்தாள். குழு இல்லை. அப்புறம் கணக்கு. ஏன் விலகுகிறீர்கள் என்று தளம் கேட்டு ஐந்து காரணம் கொடுத்தது, நேரம் போதவில்லை, விளம்பரம் அதிகம், இப்படி. ஆறாவதாக ஒரு காலிக் கட்டம். அதில் எந்த ஆஸ்பத்திரி என்று எழுதினாள். படிக்கப்போகிற ஆளில்லை. அழுத்தினாள். முப்பது நாள் காத்திருக்கும், நடுவில் ஒரு தடவை உள்ளே வந்தாலும் எல்லாம் பழையபடி திரும்பிவிடும் என்று காட்டியது. முப்பது நாள். மடிக்கணினியை மூடிவிட்டு எழுந்தாள். போய் மேல் தாழ்ப்பாளை எடுத்தாள். குனிந்து கீழ்த் தாழ்ப்பாளில் கை வைத்தாள். படியில் ஒரு செருப்புச் சத்தம் ஏறிவந்தது, இதுவரை கேட்காத செருப்பு. அவள் கையை எடுக்கவுமில்லை, தாழ்ப்பாளை இழுக்கவுமில்லை. மேஜைமேல் நோட்டுக்குப் பக்கத்தில் போன் அடிக்கத் தொடங்கியது.